கர்ப்ப காலக் காய்ச்சலும் குழந்தையின் சளியும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

(கர்ப்பிணியின் உடலில் ஏற்படும் அழற்சி, பிறக்கும் குழந்தையின் சுவாச வைரஸ் எதிர்ப்பாற்றலை மாற்றக்கூடும் என்று சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.)

கேள்வி: ஐந்தாம் மாதத்தில் எனக்கு ஃப்ளூ வந்து நான்கு நாள் காய்ச்சல் 102 டிகிரிவரை போனது. இப்போது மகனுக்கு 8 மாதம். மாதம் தவறாமல் சளி பிடிக்கிறது. "வயிற்றில் இருக்கும்போது நீ காய்ச்சலில் படுத்ததுதான் காரணம்" என்கிறார் மாமியார். உண்மையா டாக்டர்? (வாசகி, நாமக்கல்)

மாமியார் தீர்ப்பு சொல்ல அவசரப்பட்டுவிட்டார். கைக்குழந்தைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது வழக்கமான கணக்கு. வீட்டில் பள்ளிக்குப் போகும் அக்காவோ அண்ணனோ இருந்தால் இன்னும் கூடும். அதுவும் 6 மாதத்துக்குப் பிறகு கூடுவதற்குத் தனிக் காரணம் உண்டு. கர்ப்பத்தில் நீங்கள் கொடுத்தனுப்பிய ஆன்டிபாடிகள் அந்த வயதில்தான் கரைந்து முடிகின்றன; குழந்தையின் சொந்தத் தயாரிப்பு இன்னும் சூடு பிடித்திருக்காது.

எதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும்? ஒரே ஆண்டில் இரண்டு முறை நிமோனியா, எடை ஏறாமல் நிற்பது, வாயில் வெள்ளைப் படலம் மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வருவது, காதில் ஓயாமல் சீழ், சாதாரணக் கிருமிக்கே ஊசி மருந்து தேவைப்படுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் எதிர்ப்பாற்றல் பரிசோதனை பற்றிப் பேசுங்கள். வெறும் மூக்கொழுகல், இருமல், ஒரு வாரத்தில் சரியாகிறது, எடை ஏறுகிறது என்றால் அது நோய் எதிர்ப்புக் குறைபாடு இல்லை.

கர்ப்பத்தில் வந்த ஃப்ளூவுக்கும் குழந்தையின் எதிர்ப்பாற்றலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்றால், எலிகளில் இருக்கிறது, தெளிவாகவே காட்டியிருக்கிறார்கள். மனிதர்களில் அந்த அளவுக்கு உறுதிப்படவில்லை. டென்மார்க் போன்ற நாடுகளின் மருத்துவப் பதிவேடுகளை வைத்துப் பார்க்கும்போது, கர்ப்பத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகள் தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்வது சற்று அதிகம் என்று தெரிகிறது. ஆனால் அதற்குக் காரணம் மருந்தா, மருந்து கேட்ட அந்தத் தொற்றா, அந்தக் குடும்பத்தின் சூழலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு தனிக் குழந்தையைக் காட்டி "இந்தச் சளி அந்தக் காய்ச்சலால் வந்தது" என்று சொல்ல இன்றைக்கு எந்தப் பரிசோதனையும் கிடையாது.

அடுத்த கர்ப்பத்துக்கு ஒன்று சொல்லி வைக்கிறோம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் "கர்ப்பிணி மாத்திரை போடக் கூடாது" என்று ஈரத்துணியோடு படுத்திருக்க வேண்டாம். பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் போகாமல் எடுக்கலாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும், கடைசி மாதங்களில் இதயத்தருகே உள்ள ரத்தக்குழாயை முன்கூட்டியே சுருக்கும். ரத்த அழுத்தத்துக்காக மருத்துவர் எழுதித் தந்த குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு கணக்கு. அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஃப்ளூ என்று சந்தேகம் இருந்தால் முதல் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்ப்பதில் பலன் அதிகம். ஃப்ளூ வைரஸை எதிர்க்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரை 75 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, 5 நாள் என்பது கர்ப்பிணிக்கும் தரப்படும் அதே அளவுதான். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருந்து அந்த இரண்டு நாளைக் கோட்டைவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கேள்வி: ஃப்ளூ வைரஸ் பெரும்பாலும் தாயின் நுரையீரலைத் தாண்டிக் கருவுக்குப் போவதில்லை என்று படித்திருக்கிறேன். வைரஸே போகாதபோது குழந்தையின் நுரையீரல் எப்படிப் பாதிக்கும்? (உயிரியல் ஆசிரியர், காரைக்குடி)

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். வைரஸ் போவதில்லை, தாயின் உடல் அதை எதிர்த்துப் போடும் கூச்சல் போகிறது. இன்டர்லூக்கின்-6, இன்டர்ஃபெரான் போன்ற சைட்டோகைன்கள் (எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் வேதிச் செய்திகள்) தாயின் ரத்தத்தில் ஏறும்போது நச்சுக்கொடியும் எதிர்வினை காட்டும். அந்தச் செய்தி கருவின் ரத்த உற்பத்திக் கூடத்தை எட்டுகிறது.

அந்தக் கூடம் கருவில் எலும்பு மஜ்ஜை இல்லை, கல்லீரல். கர்ப்பத்தின் பெரும்பகுதிக்கு ரத்த மூலச்செல்கள் அங்கேதான் பெருகுகின்றன. விஷயத்தின் மையம் இங்கே இருக்கிறது: நம் நுரையீரலின் காற்றறைகளைக் காவல் காக்கும் மேக்ரோஃபேஜ் செல்களின் மூதாதையர் கருவின் கல்லீரலில் உருவான மோனோசைட்டுகள் என்ற ஒருவகை வெள்ளையணுக்கள். அவை பிறப்பை ஒட்டிய நாட்களில் நுரையீரலில் குடியேறி, அங்கேயே தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டு நெடுங்காலம் இருக்கின்றன. மற்ற பல ரத்த செல்களைப் போல எலும்பு மஜ்ஜையிலிருந்து வாராவாரம் புதிதாக வந்து இடம் பிடிப்பதில்லை. அதனால் கருவில் பட்ட சூடு, பிறந்த பிறகும் அந்தச் செல்களிடம் தங்கிவிட வாய்ப்பு இருக்கிறது.

ஜெர்மனியில் செய்யப்பட்டு 2021-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த எலி ஆய்வு இதைத்தான் சோதித்தது. கர்ப்பிணி எலிகளுக்கு இன்ஃப்ளூயன்சா-ஏ தொற்றை ஏற்படுத்தினார்கள். பிறந்த குட்டிகளுக்கு வேறு கிருமிகளைக் கொடுத்தார்கள்: இன்ஃப்ளூயன்சா-பி வைரஸ், மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா. நோயுற்ற தாயின் குட்டிகள் வளர்ச்சி குன்றியிருந்தன, இரண்டு கிருமிக்குமே எளிதில் பலியாயின. அவற்றின் நுரையீரல் மேக்ரோஃபேஜ்களால் கிருமியைச் சரியாக விழுங்கி அழிக்க முடியவில்லை. ஆரோக்கியமான குட்டிகளின் மேக்ரோஃபேஜ்களை எடுத்து இவற்றின் நுரையீரலில் செலுத்தியபோது குறை ஓரளவு நீங்கியது. அந்தக் கடைசிச் சோதனைதான் ஆய்வுக்கு எடை சேர்க்கிறது. பழுது எந்தச் செல்லில் இருக்கிறது என்பதைத் தொட்டுக் காட்டிவிட்டது.

மாணவர்களுக்குச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே ஆய்வில், வைரஸ் இல்லாமல் வைரஸ் வந்ததுபோல் உடலை ஏமாற்றும் பாலி-ஐசி என்ற வேதிப்பொருளை மட்டும் ஏற்ற கர்ப்பிணிகளின் குட்டிகளுக்கு அந்தப் பலவீனம் வரவில்லை. 2022-ல் செல் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த அமெரிக்க ஆய்விலோ இதே பாலி-ஐசி, கருவின் ரத்த மூலச்செல்களைக் குழப்பி, பிறந்த பிறகும் நீடிக்கும் மாற்றங்களை எதிர்ப்பு செல்களில் விட்டுச் சென்றது. ஆக, "அழற்சி வந்தால் இது நடக்கும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. எந்த வாரம், எவ்வளவு கடுமை, எத்தனை நாள், தாய் சாப்பிடாமல் கிடந்தாளா என்பதெல்லாம் கணக்கில் வருகிறது.

எல்லா விளைவும் கெட்டதும் இல்லை. 2021-ல் சயன்ஸ் இதழில் வந்த அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வில், கர்ப்பத்தில் யெர்சினியா கிருமியால் லேசான, தானாக ஆறும் தொற்று வந்த எலிகளின் குட்டிகள் குடல் கிருமிகளை மற்றவற்றைவிட நன்றாக எதிர்த்தன. இன்டர்லூக்கின்-6 ஊசி மட்டும் போட்டாலும் அதே விளைவு வந்தது. அதற்கு விலையும் இருந்தது: அதே குட்டிகளுக்குக் குடல் அழற்சி நோய் வரும் வாய்ப்புக் கூடியது.

எலியின் கர்ப்பம் சுமார் 20 நாள். பிறக்கும் எலிக்குட்டியின் எதிர்ப்பு மண்டலம், மனிதக் குழந்தையினுடையதைவிட முதிர்ச்சி குறைந்தது. நாள் கணக்கை வாரக் கணக்காக மாற்றி மனிதக் கர்ப்பத்தின் மேல் அப்படியே பொருத்துபவர்களை நம்ப வேண்டாம்.

கேள்வி: மனைவிக்கு 24 வாரம். ஒரு "மாஸ்டர் ஹெல்த்" பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். 58, சி.ஆர்.பி. 11, வெள்ளையணு 13,200 என்று வந்து, மூன்றிலும் சிவப்பு எழுத்து. உடலில் அழற்சி என்கிறார் லேப் டெக்னீஷியன். குழந்தையைப் பாதிக்குமா? (வாசகர், ஓசூர்)

அந்தச் சிவப்பு எழுத்து கர்ப்பம் இல்லாதவர்களுக்கான அளவுகோலில் அச்சானது. கர்ப்பத்தில் ஃபைப்ரினோஜென் என்ற ரத்தம் உறையச் செய்யும் புரதம் ஏறுகிறது, ரத்தம் நீர்த்துப்போகிறது, அதனால் ஈ.எஸ்.ஆர். தானாகவே உயரும். இரண்டாம் பாதியில் 70 வரை போவது சகஜம், ரத்தசோகை இருந்தால் அதற்கும் மேலே. கர்ப்பிணிக்கு ஈ.எஸ்.ஆர். பார்ப்பதே வீண் செலவு. சி.ஆர்.பி. 20-க்குள் சற்று உயர்ந்திருப்பதும், வெள்ளையணு 15,000 வரை இருப்பதும் காய்ச்சலோ வலியோ இல்லாதபோது கவலை தருவன அல்ல. பிரசவ வலியில் வெள்ளையணு 25,000-ஐக்கூடத் தொடும்.

அந்தப் பணத்தை சிறுநீர் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) செலவழித்திருக்கலாம். எரிச்சல் எதுவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருப்பது கர்ப்பத்தில் உண்டு. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை ஏறி, குளிர் காய்ச்சலாக வெடிக்கும். முதல் மூன்று மாதத்தில் கல்ச்சர் பார்க்கவில்லை என்றால் இப்போது பாருங்கள். நடுச்சிறுநீரைப் பிடிக்க வேண்டும்: முதலில் வருவதை விட்டுவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய டப்பாவில். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேராவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியில் வைத்தால் அந்தச் சூட்டிலேயே கிருமி பெருகி, இல்லாத தொற்றைக் காட்டிவிடும்.

கேள்வி: தடுப்பூசி போட்டாலும் உடம்பு வலி, லேசான காய்ச்சல் வருகிறதே, அதுவும் அழற்சிதானே? ஏழாம் மாதம் நடக்கிறது. ஃப்ளூ ஊசி போடச் சொல்கிறார்கள். குழந்தைக்கு நல்லதா, கெட்டதா? (வாசகி, கோவை)

அழற்சிதான். ஆனால் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். செயலிழக்கச் செய்த ஃப்ளூ ஊசி போட்ட கர்ப்பிணிகளுக்கு சி.ஆர்.பி. போன்றவை சற்று ஏறி ஓரிரு நாளில் இறங்கிவிடுகின்றன. உண்மையான ஃப்ளூவில் காய்ச்சல், ஆக்சிஜன் குறைவு, சாப்பாடு இறங்காமை என்று ஒரு வாரம் போகும். கடைசி மூன்று மாதத்தில் வந்தால் ஐ.சி.யூ. வரை கொண்டுபோகும். அந்த ஒரு வாரத்தைத் தவிர்க்கத்தான் இந்த ஒரு நாள்.

குழந்தைக்குக் கிடைக்கும் ஆதாயம் தனி. தாயின் ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடிகள் நச்சுக்கொடியில் உள்ள ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டு கருவுக்குள் போகின்றன. 13-ம் வாரமளவில் இது தொடங்கினாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் பெரும்பங்கு போகிறது. சுமார் 30 வாரத்தில் குழந்தையின் அளவு தாயினுடையதில் பாதிதான் இருக்கும். நிறைமாதத்தில் தாயினுடையதையே தாண்டிவிடும். பிறந்த பிறகு மாதத்துக்கு ஏறக்குறைய பாதி என்று கரையும். ஊசி போட்டு ஆன்டிபாடி உச்சத்துக்கு வர 2 முதல் 4 வாரம் ஆகும். போட்டுக்கொண்ட மறுவாரமே பிரசவமானால் தாய்க்குப் பலன் உண்டு, குழந்தைக்குப் போய்ச் சேர்வது குறைவு.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. டாக்காவில் 340 கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2008-ல் வெளியான ஆய்வில், கடைசி மூன்று மாதத்தில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு, பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது. 6 மாதம் ஆகாத குழந்தைக்கு நேரடியாகப் போட ஃப்ளூ ஊசி கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். தாய் வழியாகத் தருவது ஒன்றே வழி. தென்னாப்பிரிக்க ஆய்வுகளும் பலனைக் காட்டின. ஆனால் பாதுகாப்பு வலுவாக இருந்தது முதல் இரண்டு மாதங்களில்தான்.

ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் கைக்குழந்தைகளின் மூச்சுச் சிறுகுழல்களை அடைத்து மருத்துவமனைக்கு அனுப்புவதில் முதலிடம் வகிப்பது. இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைக்கும் ஒருமுறையாவது வந்துவிடும். இதற்கான கர்ப்பிணி ஊசிக்கு அமெரிக்கா 2023 ஆகஸ்டில் அனுமதி தந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் பங்கேற்ற ஆய்வில், கடுமையான ஆர்.எஸ்.வி. நோயை முதல் 90 நாளில் 81.8 சதவீதமும் 180 நாள்வரை 69.4 சதவீதமும் தடுத்தது. அதே ஆய்வில் குறைப்பிரசவம் ஊசி போட்டவர்களில் 5.7, போடாதவர்களில் 4.7 சதவீதம்; புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு இல்லை என்றாலும், முன்னெச்சரிக்கையாக அமெரிக்கா 32 முதல் 36 வாரத்துக்குள் மட்டும் போடச் சொன்னது. மாற்று வழி, பிறந்த குழந்தைக்கே போடும் நிர்செவிமாப் என்ற ஆயத்த ஆன்டிபாடி ஊசி. முதல் சீசனில் 5 கிலோவுக்குக் கீழே 50 மில்லிகிராம், அதற்கு மேல் 100. இவை இரண்டும் இந்தியாவின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. ஃப்ளூ ஊசியும் அதில் இல்லை, கைக்காசுதான்.

உங்கள் கணக்கு: ஃப்ளூ ஊசியை இப்போதே போடுங்கள். கக்குவானுக்கான டி-டேப் ஊசி 27 முதல் 36 வாரத்துக்குள். இரண்டையும் ஒரே நாளில், கைக்கு ஒன்றாகப் போடலாம். ஊசிக்குப் பின் காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினால் பாராசிட்டமால் போடுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டாம். மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து உயிருள்ள வைரஸ். அது கர்ப்பிணிக்கு ஆகாது.

அழற்சி இந்த ஆன்டிபாடிப் பயணத்தையும் கெடுக்கும் என்பதற்கு மலேரியா ஓர் உதாரணம். மலேரியாக் கிருமி நச்சுக்கொடியில் தங்கினால் அந்தத் திசு வீங்கிப் பழுதாகிறது, தாயின் ரத்தத்தில் தேவையற்ற ஐ.ஜி.ஜி. பெருகி ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. தேவையான ஆன்டிபாடி குறைவாகவே உள்ளே போகிறது. ஆப்பிரிக்காவிலும் பாப்புவா நியூகினியிலும் இது பதிவாகியுள்ளது.

கேள்வி: எங்கள் வீட்டில் இன்னும் விறகடுப்புதான். மருமகள் மாசமாக இருக்கிறாள். பிறந்த பிறகு குழந்தைக்குச் சாம்பிராணி போடுவதும் கூடாதாமே? (வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

உங்கள் மாவட்டத்திலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஹாபின் என்ற ஆய்வு இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளோடு நடந்தது. இந்தியாவில் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில், சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் நடத்தியது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் 18 மாதம் இலவசம். கர்ப்பிணி சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு விறகடுப்பு வீடுகளில் சுமார் 70 மைக்ரோகிராம், கேஸ் வந்த வீடுகளில் சுமார் 24. ஆனால் எதிர்பார்த்தபடி குழந்தையின் பிறப்பு எடை கூடவில்லை. முதல் ஆண்டில் கடுமையான நிமோனியாவும் குறிப்பிடும்படி குறையவில்லை.

இதைப் படித்துவிட்டு "புகையால் ஒன்றும் ஆகாது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 24 என்பதே உலக சுகாதார அமைப்பு சொல்லும் 5-க்கு ஐந்து மடங்கு. பக்கத்து வீட்டு அடுப்பு, குப்பை எரிப்பு, தெருப்புகை எல்லாம் அப்படியே இருந்தன. அடுப்பை மட்டும் மாற்றினால் போதாது என்பதுதான் எங்கள் வாசிப்பு. முடிந்தால் கேஸுக்கு மாறுங்கள். மாறும்வரை, பற்றவைக்கும்போதும் அணைக்கும்போதும் புகை மிக அதிகம். அந்தக் கால் மணி நேரம் மருமகள் அடுப்படியில் இருக்க வேண்டாம். ஈர விறகு, பிளாஸ்டிக் கவர் வைத்துப் பற்றவைப்பது இரண்டையும் விடுங்கள். வாசலில் கூரைக்குக் கீழே அடுப்பு வைப்பது, ஜன்னல் ஒன்றே உள்ள உள்ளறையைவிட நல்லது.

சாம்பிராணி விஷயத்தில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. தணலில் போட்டுப் புகைய வைத்து, குளித்த குழந்தையை அதன் மேல் காட்டுவது, ஒரு நாளின் மிக அடர்ந்த புகையைப் பிஞ்சு நுரையீரலுக்கு நேராகக் கொடுப்பது. காற்றறை மேக்ரோஃபேஜ்களின் வேலை கிருமியைத் தின்பது. கரித்துகளைத் தின்று அவை திணறும். தலையை உலர்ந்த பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், அதுவே போதும். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுத்து வந்தேன். கர்ப்பம் என்றதும் பயந்து நிறுத்திவிட்டேன். சரிதானே? (பெயர் வேண்டாம், தூத்துக்குடி)

தவறு. இன்றைக்கே உங்கள் மருத்துவரிடம் பேசி மறுபடி தொடங்குங்கள். இன்ஹேலரில் வரும் புடெசோனைடு கர்ப்பத்தில் நெடுநாள் அனுபவம் உள்ள மருந்து. கட்டுக்கு அடங்காத ஆஸ்துமாதான் குழந்தைக்கு ஆபத்து. ஆஸ்திரேலியாவில் 220 கர்ப்பிணிகளோடு நடந்து 2011-ல் லான்செட்டில் வந்த ஆய்வில், வெளிமூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடை அளந்து மூச்சுக்குழல் அழற்சிக்கு ஏற்ப மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள். ஆஸ்துமா முற்றுவது பாதியாகக் குறைந்தது. பின்னர் அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்தபோது, முதல் ஆண்டில் மீண்டும் மீண்டும் மூச்சுச் சிறுகுழல் அழற்சி வருவதும் குறைந்திருந்தது. ஆய்வு சிறியது என்றாலும், மனிதர்களில் தாயின் அழற்சியை அடக்கிக் குழந்தையின் மூச்சில் பலன் பார்த்த அபூர்வமான ஒன்று.

பலர் மருந்தை வாயிலேயே விட்டுவிடுகிறார்கள். டப்பாவைக் குலுக்குங்கள், மூச்சை முழுக்க வெளியே விடுங்கள், ஸ்பேசரை (இன்ஹேலரின் முன்னால் மாட்டும் குழாய்) உதட்டால் இறுகப் பிடித்து ஒரே ஒரு அழுத்து, மெதுவாக 4, 5 விநாடி உள்ளிழுத்து 10 விநாடி அடக்குங்கள். அடுத்த அழுத்து அரை நிமிடம் கழித்து. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் துகள்கள் ஸ்பேசர் சுவரில் ஒட்டி வீணாகும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

கேள்வி: அழற்சியைக் குறைக்க மஞ்சள் பால், மீன் மாத்திரை, கஷாயம் எடுக்கலாமா? ஈறில் ரத்தம் வேறு வருகிறது. (வாசகி, திருநெல்வேலி)

சமையல் அளவு மஞ்சள் தாராளமாக. மஞ்சளின் சாரமான குர்குமின் மாத்திரையும் கடையில் வாங்கும் "இம்யூனிட்டி" பொடிகளும் வேண்டாம். உள்ளே என்ன எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

மீனுக்கு ஆதாரம் இருக்கிறது. டென்மார்க்கில் 736 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு 24-ம் வாரத்திலிருந்து தினம் 2.4 கிராம் மீனெண்ணெய் ஒமேகா-3 கொடுத்தபோது, குழந்தைகளின் தொடர் இழைப்பு அல்லது ஆஸ்துமா 23.7-லிருந்து 16.9 சதவீதமாகவும், கீழ்ச்சுவாசத் தொற்று 39.1-லிருந்து 31.7 சதவீதமாகவும் குறைந்தது. ரத்தத்தில் ஒமேகா-3 குறைவாக இருந்தவர்களுக்கே பலன் அதிகம். அந்த மருந்தளவை நீங்களாக எடுக்க வேண்டாம். உங்கள் ஊர்ப்பக்கம் மலிவாகக் கிடைக்கும் மத்தி, நெத்திலி வாரம் இரண்டு மூன்று நாள் குழம்பில் சேருங்கள். சுறா வேண்டாம், பாதரசம் அதிகம்.

ஈறுக்குப் பல் மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்யலாம், கர்ப்பத்தில் பாதுகாப்பானது. ஆனால் அதனால் குறைப்பிரசவம் தடுக்கப்படும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். பெரிய ஆய்வுகளில் அப்படி நிரூபணமாகவில்லை.

கேள்வி: பனிக்குடம் உடைந்து கிருமித்தொற்றாகி, 33 வாரத்தில் மகள் பிறந்தாள். இப்போது 6 மாதம், 6 கிலோ. சளி பிடித்தால் மற்ற குழந்தையைவிட ஆபத்தா? வீட்டில் எதைப் பார்க்க வேண்டும்? (வாசகி, மதுரை)

கூடுதல் கவனம் தேவைதான், மூன்று காரணத்துக்காக. கடைசி 7 வாரம் தவறியதால் உங்கள் ஆன்டிபாடி பாதியைச் சற்றுத் தாண்டித்தான் அவளுக்குக் கிடைத்திருக்கும். நுரையீரலின் காற்றறைகள் பெரும்பாலும் 36 வாரத்துக்குப் பிறகு பிரிபவை. மூன்றாவது அந்தத் தொற்று. ஆட்டுக்கருக்களில் பார்த்தவரை, பனிக்குட அழற்சி நுரையீரலை அவசரமாகப் பழுக்க வைக்கிறது. காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் சீக்கிரம் சுரக்கிறது, அதற்கு ஈடாகக் காற்றறைகள் எண்ணிக்கையில் குறைந்து பெரிதாகிவிடுகின்றன. பிறப்புக்குப் பிறகும் காற்றறைகள் ஆண்டுக்கணக்கில் பெருகுகின்றன என்பதால், புகையில்லாத வீடும் எடை ஏற்றமும் அவளுக்கு மருந்துக்குச் சமம்.

சளி தொடங்கினால் மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரைதான் உச்சம். முதல் நாள் நன்றாக இருக்கிறாள் என்று ஊருக்குக் கிளம்பாதீர்கள். தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைக் கழற்றி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகும், கைக்குழந்தையின் மூச்சு சீராக இராது. 50-ஐத் தொட்டால் அன்றே மருத்துவர். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, முனகல், வழக்கத்தில் பாதிகூடப் பால் குடிக்காதது, 8 மணி நேரம் சிறுநீர் போகாதது, உதடு நீலம், மூச்சு சில விநாடி நின்று வருவது: இவற்றில் எதைக் கண்டாலும் நேராக மருத்துவமனை. வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்தால் குழந்தைக்கான ப்ரோப் வேண்டும். பெரியவர்கள் விரலில் மாட்டுவது அவள் விரலில் பொய் சொல்லும்.

பால் கொடுக்கும் முன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு ஒவ்வொரு பக்கமும் இரண்டு, பிறகு குறைவாக அடிக்கடி தாய்ப்பால். மூக்கடைப்பு திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு, இருமல் சிரப், தேன் மூன்றும் வேண்டாம். சளி சிரப்புகளில் வழக்கமாக வரும் குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலவையை 4 வயதுக்குள் தர வேண்டாம் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023-ல் சொல்லிவிட்டது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அவளுக்கு 90. இங்கேதான் விபரீதம் நடக்கிறது: சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், 0.9 மில்லி போதும். 5 மில்லியில் 125 உள்ள சிரப்பில் 3.6 மில்லி, 250 உள்ளதில் 1.8 மில்லி. பாட்டில் மாறும்போது லேபிளைப் படித்து அளவை மாற்றுங்கள்.

ஆர்.எஸ்.வி.யால் வந்த மூச்சிழைப்புக்கு ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் உதவுவதில்லை, நெபுலைசரில் சால்பூட்டமாலும் பெரும்பாலும் பயன்படுவதில்லை. மருத்துவர் ஆக்சிஜனும் திரவமும் மட்டும் கொடுத்தால் "ஒன்றுமே செய்யவில்லை" என்று வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், சிகிச்சையே அதுதான்.

தடுப்பூசிகளை அவள் பிறந்த தேதியை வைத்தே போடுங்கள், குறைப்பிரசவ வாரங்களைக் கழிக்கக் கூடாது. 6, 10, 14 வார பென்டாவேலன்ட், 6, 14 வார நிமோகாக்கல் ஊசிகளில் ஏதும் விட்டிருந்தால் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 6 மாதம் முடிந்துவிட்டதால் ஃப்ளூ ஊசியும் போடலாம். முதல் முறை என்பதால் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை. மழை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். சென்னை, வேலூர்ப் பகுதிகளில் ஃப்ளூ உச்சம் பார்த்ததே அக்டோபர், நவம்பரில்தான்.